கேமிங் பிசிக்கு எவ்ளோ ரேம் வேணும்? வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாத்து முடிவு பண்ற முழு வழிகாட்டி

"16 ஜிபி போதுமா, இல்ல 32 போடணுமா?" கேமிங் பிசி கட்டற யாரா இருந்தாலும் இந்தக் கேள்வில ஒரு தடவையாவது வந்து நிப்பாங்க. பாதிப் பேர் கண்ண மூடிட்டு 32ன்னு சொல்லுவாங்க, மிச்சப் பேர் "என் மெஷின் 16லயே ஜம்முனு ஓடுது, ஏன் காச கரியாக்கறீங்க"ன்னு கேப்பாங்க. ரெண்டு தரப்பும் பொய் சொல்லல, அவங்கவங்க ஆடற கேம் வேற, பின்னாடி தெறந்து வெச்சிருக்கறது வேற, கிராபிக்ஸ் கார்டு வேற. அதனால அடுத்தவங்க நம்பர தூக்கிட்டு வராம உங்க மெஷின்லயே அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. 2025 கடைசில ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமா போக ஆரம்பிச்சு ரேம் விலை எகிறினதுக்கு அப்புறம், எதுக்கும் இருக்கட்டும்னு டபுளா வாங்கிப் போடறது முன்ன மாதிரி சின்னச் செலவும் இல்ல.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் பதில முதல்லயே சொல்லிடறேன். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரி வெறும் இ-ஸ்போர்ட்ஸ் (போட்டி) கேம்னா 16 தாராளம். புதுசா வர்ற பெரிய கேம்லாம் ஆடுவேன், பக்கத்துல பிரவுசர், டிஸ்கார்டு எல்லாம் ஓடும்னா 32. சிமுலேட்டர், கனமான மாட் (கேமுக்கு ரசிகர்கள் பண்ணிப் போடற கூடுதல் சமாச்சாரம்), கூடவே வீடியோ எடிட்டிங்னா 48 இல்ல 64. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா மேல படிங்க.

படி 1: ரேம் பத்தலன்னா என்ன நடக்கும்னு புரிஞ்சுக்கறது

நெறைய பேர் நெனைக்கறது, ரேம் ஏத்தினா எஃப்பிஎஸ் (நொடிக்கு ஸ்கிரீன்ல வர்ற படம், அதாவது ஃப்ரேமோட எண்ணிக்கை) ஏறும்னு. பொதுவா ஏறாது. 16 போதுமா இருக்கற கேமுக்கு 64 போட்டாலும் அதே எஃப்பிஎஸ்தான் வரும். ரேம் பத்தாமப் போறப்பதான் வித்தியாசம் தெரியும், அதுவும் ஆவரேஜ் எஃப்பிஎஸ்ல அவ்ளோவா தெரியாது. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டு. எல்லா ஃப்ரேமும் அந்த டைமுக்குள்ள வந்துட்டு இருக்கும்போது நடுவுல ஒண்ணு மட்டும் 90 மில்லிசெகண்டு எடுத்துச்சுன்னா மேல மூலைல இருக்கற கவுண்டர் 55, 56ன்னுதான் காட்டும், ஆனா உங்க கண்ணுக்கு டக்குனு ஒரு இழுப்பு தெரியும், எதிராளிய குறி வெச்சுட்டு இருந்தீங்கன்னா அதோட காலி.

அந்த இழுப்பு எங்க இருந்து வருதுன்னா, ரேம்ல எடம் இல்லாதப்ப விண்டோஸ் கொஞ்ச நாழியா தொடாத டேட்டாவ எடுத்து எஸ்எஸ்டில இருக்கற பேஜ் ஃபைல்ல தள்ளிடும், கேம் திரும்ப அதக் கேக்கறப்ப அங்க போய் எடுத்துட்டு வரணும். டிடிஆர்5 (இப்பத்தி ரேம் ரகம்) 6000 ஸ்பீடுல ரெண்டு ஸ்டிக் (ரேம் பட்டை) டூயல் சேனல்ல, அதாவது ரெண்டும் ஒரே நேரத்துல சேந்து ஓடினா கணக்குப்படி நொடிக்கு 96 ஜிபி வரைக்கும் கொடுக்கும், நல்ல என்விஎம்இ (வேகமான ரக) எஸ்எஸ்டியே 7லேர்ந்து 14 ஜிபி வரைக்கும்தான். அதவிட பெரிய விஷயம் காத்திருக்கற நேரம்: ரேம் பதில் சொல்றது நூறு நானோசெகண்டு கணக்குல, எஸ்எஸ்டி சொல்றது பத்து பத்து மைக்ரோசெகண்டு கணக்குல, அதாவது நூறு மடங்குக்கும் மேல. ஹார்ட் டிஸ்க்ல பேஜ் ஃபைல் இருந்துச்சுன்னா பேச்சே வேண்டாம்.

படி 2: இப்ப இருக்கற மெஷின்ல அளந்து பாருங்க

இதுதான் மெயினான வேலை, தாண்டிப் போயிடாதீங்க. அளக்கறதுக்காக மெஷின சுத்தம் பண்ணாதீங்க, தினமும் ஆடற மாதிரியே பிரவுசர்ல பாட்டு, டிஸ்கார்டு, லாஞ்சர் எல்லாம் தெறந்தே இருக்கட்டும். நீங்க ஆடறதுலயே கனமான கேம எடுத்து, அதுலயும் கூட்டமான ஊரு, பெரிய மேப்னு கனமான எடத்துல அரைமணி முக்கால் மணி நேரம் ஆடுங்க. ஆரம்பிச்ச உடனே பாத்தீங்கன்னா கம்மியாதான் காட்டும், சில கேம் ஆட ஆட வீங்கும்.

அப்புறம் கேம மூடாம கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். பர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரிய கிளிக் பண்ணுங்க. மேல ஓடற கிராஃப விட்டுடுங்க, விஷயம் கீழ இருக்கற நம்பர்லதான்.

ஒரு 16 ஜிபி மெஷின்ல இப்படி இருக்குன்னு வெச்சுக்குவோம்: இன் யூஸ் 13.4, பக்கத்துலயே அடைப்புக்குள்ள கம்ப்ரெஸ்டுன்னு 1.9, அவைலபிள் 2.3, கமிட்டட் 25.1/27.8. மேலோட்டமா பாத்தா "இன்னும் ரெண்டு ஜிபிக்கு மேல பாக்கி இருக்கே, அப்புறம் என்ன"ன்னு தோணும். ஆனா அந்த கம்ப்ரெஸ்டு 1.9ஐ பாருங்க, எடம் பத்தாம விண்டோஸ் ரேம்ல இருக்கறதயே சுருக்கி அடைக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். கமிட்டட்ல முதல் நம்பர், எல்லா புரோகிராமுக்கும் சேத்து விண்டோஸ் தர்றேன்னு வாக்கு கொடுத்திருக்கற மெமரி. ரெண்டாவது நம்பர் ரேமையும் பேஜ் ஃபைலையும் கூட்டின உச்ச வரம்பு. 25.1ன்றது 16ஐ தாண்டிருச்சு, ஆனா அத மட்டும் வெச்சு பயப்பட வேண்டாம், கேட்டு வாங்கி வெச்சுட்டு தொடாமலே இருக்கற மெமரியும் இதுல சேரும். முதல் நம்பர் ரெண்டாவதுக்கு ஒட்டி வந்தாதான் சிக்கல். விண்டோஸ் பேஜ் ஃபைல பெருசாக்கப் பாக்கும், டிரைவ்ல எடம் இல்லன்னா கேம் அப்படியே கிராஷ் ஆகி வெளிய வந்துடும். கேம் அடிக்கடி காரணமே இல்லாம மூடுதுன்னு பொலம்பறவங்க இந்த எடத்த ஒரு தடவ பாத்துடுங்க.

அடுத்தது ரிசோர்ஸ் மானிட்டர். ஸ்டார்ட் மெனுல தேடினாலே வரும். அதுல மெமரி டேப்ல ஹார்ட் ஃபால்ட்ஸ்னு ஒரு காலம் இருக்கும், நொடிக்கு எத்தன தடவ ரேம்ல இல்லாம டிஸ்குக்கு போக வேண்டி வந்துச்சுன்ற கணக்கு. கேம் லோடு ஆகறப்ப இது ஏறத்தான் செய்யும், ஃபைல் படிக்கறதும் இதுல சேரும், அத கண்டுக்காதீங்க. ஆனா லோடெல்லாம் முடிஞ்சு சும்மா நடந்துட்டு இருக்கறப்ப, கேம் இழுக்கற அதே நொடில இது நூத்துக்கணக்குல குதிச்சுதுன்னா ஆள் மாட்டிக்கிச்சு. ரெண்டு ஸ்கிரீன் இருந்தா பாக்க சுலபம், ஒண்ணுதான்னா எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு ரேம் யூசேஜையும் ஃப்ரேம்டைம் கிராஃபையும் ஓவர்லேல (கேம் மேலயே தெரியற மாதிரி) வெச்சுக்கோங்க. எந்த கம்பெனி கார்டா இருந்தாலும் அது ஓடும்.

இழுப்பு இருக்கு, ஆனா ஹார்ட் ஃபால்ட்ஸ் அசையவே இல்ல, அவைலபிள்ல அஞ்சாறு ஜிபி சும்மா கெடக்குன்னா பிரச்சன ரேம் இல்ல. ஷேடர் (கிராபிக்ஸ் கார்டுல ஓடற சின்ன புரோகிராம்) கம்பைல் ஆகறதா இருக்கலாம், சிபியூ மூச்சு வாங்கறதா இருக்கலாம், விராம் (கிராபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி) பத்தாததா இருக்கலாம். அங்க ரேம் வாங்கிப் போட்டா காசு போனதுதான் மிச்சம்.

இன்னொண்ணு, 32 ஜிபி மெஷின்ல ஆடறவங்க "17 ஜிபி யூஸ் ஆகுது, அப்ப 16 பத்தாது"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுவாங்க. அத நம்பாதீங்க. காலி பஸ்ல ஏறினவன் பைய பக்கத்து சீட்ல வெச்சுட்டு கால நீட்டி உக்கார்ற மாதிரிதான் விண்டோஸும் கேமும், எடம் இருந்தா எடுத்துக்கும், இல்லன்னா ஒடுங்கிக்கும். அதே கேம் அதே எடத்துல 16 ஜிபி மெஷின்ல இழுப்பே இல்லாம ஓடவும் வாய்ப்பு இருக்கு.

படி 3: ஆடப்போற கேம் என்ன கேக்குது

இனிமேதான் புதுசா கட்டப் போறீங்க, அளக்க மெஷினே இல்லன்னா இதுதான் வழி. ஸ்டீம் பக்கத்துல கீழ போட்டிருக்கற மினிமம், ரெக்கமண்டட் ரெண்டையும் பாருங்க. மினிமம்னா கேம் தெறக்கும்னு மட்டும் எடுத்துக்கோங்க, ரெக்கமண்டட்தான் உங்க தொடக்கம், அதுவும் பின்னாடி வேற எதுவும் ஓடாதுன்ற நெனப்புல போட்டது.

வேலரன்ட் 4 ஜிபி கேக்குது, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 8 ஜிபி. இந்த ரகத்துல 32க்கு வேலையே இல்ல. எல்டன் ரிங் 2022ல வந்தப்பவே மினிமம் 12, ரெக்கமண்டட் 16. சைபர்பங்க் 2077 கதை இன்னும் நல்லா வெளங்கும்: 2020ல ரிலீஸ் ஆனப்ப மினிமம் 8, ரெக்கமண்டட் 12ன்னு இருந்துச்சு, 2023ல பெரிய அப்டேட் வந்தப்ப 12, 16ன்னு மாத்திட்டாங்க. அதே கேம்தான், மூணு வருஷத்துல ஏறிடுச்சு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020ல மினிமம் 8, ரெக்கமண்டட் 16, ஐடியல் 32. அதோட 2024 பதிப்பு 16, 32, 64. மூணு நம்பருமே நேரா ரெட்டிப்பு.

இவ்ளோ நாள் 16 ஜிபி ஏன் நின்னுச்சுன்னா கன்சோல். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுலயும் சிபியூவும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கற மாதிரி மொத்தமே 16 ஜிபிதான், அதுக்குள்ள ஓடணும்னு கேம் பண்றவங்க அடக்கி வாசிக்கறாங்க. பிசில உங்க ரேம் வேற, விராம் வேற, அதனால 16 ரேம் கூட 8 இல்ல 12 ஜிபி கார்டுன்னா கன்சோல விட ஒரு படி மேலதான். ஆனா பிசில விண்டோஸ் இருக்கு, பிரவுசர் இருக்கு, டெக்ஸ்சரும் அதிகமா வெப்போம், அதான் மீதிய தின்னுடுது. அடுத்த தலைமுறை கன்சோல் வந்தா கணக்கு திரும்ப மாறும், 2013ல பிஎஸ்4 8 ஜிபியோட வந்து, அடுத்து பிஎஸ்5 16 ஆனப்ப நடந்த மாதிரியே.

படி 4: கேம் இல்லாத மத்த செலவ கூட்டுங்க

விண்டோஸ் 11 சும்மா இருக்கறப்பவே 3லேர்ந்து 5 ஜிபி எடுத்துக்கும். பிரவுசர் உங்க பழக்கத்தப் பொறுத்து, நாலு டேப்புக்கு ஒரு ஜிபியும் ஆகும், நாப்பது டேப்புக்கு அஞ்சும் ஆகும். ஓபிஎஸ்ல (ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் ஆப்) ஸ்ட்ரீம் பண்ணா எல்லாரும் நெனைக்கற அளவுக்கு ரேம் தின்னாது, ஆனா ரீப்ளே பஃபர் (கடைசியா ஆடின கொஞ்ச நேரத்த பிடிச்சு வெக்கறது) ஆன் பண்ணி வெச்சா அது ரேம்லதான் நிக்கும்: 50 எம்பிபிஎஸ்ல ரெண்டு நிமிஷம்னா 750 எம்பி. ஆர்ஜிபி லைட்டுக்கு ஒரு ஆப், மவுஸுக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு ஒண்ணு, மூணு லாஞ்சர்னு கூட்டிப் பாத்தா அதுவே ஒரு ஜிபிய தாண்டும், அதுல பாதிய ஸ்டார்ட்டப்ல இருந்து தூக்கினாலே சிலருக்கு ரேம் வாங்கற தேவையே போயிடும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம சிபியூக்குள்ள இருக்கற கிராபிக்ஸ்லயே ஆடறவங்க இத கட்டாயம் பாக்கணும். அதுக்குன்னு தனி விராம் கிடையாது, உங்க ரேம்ல இருந்துதான் எடுத்துக்கும். 16 போட்டு 4 ஜிபிய பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங் மெனு) கிராபிக்ஸுக்கு ஒதுக்கிட்டா கையில 12தான். அதுவும் இந்த மெஷின்ல ரேமோட ஸ்பீடுதான் கிராபிக்ஸோட ஸ்பீடும், அதனால சிங்கிள் ஸ்டிக் போட்டு ஆடறது சுத்த வேஸ்ட்.

தனி கார்டு இருந்தும் விராம் கம்மின்னா, நெறஞ்சு வழியறது உங்க ரேமுக்குத்தான் வரும். டாஸ்க் மேனேஜர்ல ஜிபியூ பக்கத்துல ஷேர்டு ஜிபியூ மெமரின்னு ஒரு வரி இருக்கு, ஆடறப்ப அது ஜிபி கணக்குல ஏறிச்சுன்னா வழியுதுன்னு அர்த்தம். இதுக்கு மருந்து ரேம் இல்ல. கார்டையும் போர்டையும் இணைக்கற பிசிஐஇ 4.0 பாதைல பதினாறு லேன்லயும் சேத்து நொடிக்கு 32 ஜிபிதான் போகும், கார்டோட சொந்த மெமரி நூத்துக்கணக்கான ஜிபில ஓடுது, அதனால 128 ஜிபி ரேம் போட்டாலும் கேம் தவழத்தான் செய்யும். டெக்ஸ்சர் செட்டிங்க ஒரு படி எறக்குங்க, உடனே சரியாகும்.

மாட் போட்டு மைன்கிராஃப்ட் ஜாவா ஆடறவங்களுக்கு ஒரு வார்த்த. லாஞ்சர்ல நீங்க எவ்ளோ ஒதுக்கறீங்களோ அவ்ளோதான் அது எடுக்கும், மெஷின்ல 32 இருந்தாலும் ஒதுக்கினது ரெண்டுன்னா ரெண்டுதான். பெரிய மாட்பேக்குக்கு 6லேர்ந்து 8 கொடுங்க. இருக்குன்னு 20 கொடுத்தீங்கன்னா ஜாவா குப்பைய (தேவை முடிஞ்ச டேட்டாவ) சேத்து வெச்சு மொத்தமா அள்ளறப்ப தடதடன்னு நிக்கும்.

படி 5: நம்பர முடிவு பண்ணுங்க

8 ஜிபி: புதுசா வாங்கறதா இருந்தா வேண்டாம். ஏற்கனவே இருந்தா பழைய கேம், இ-ஸ்போர்ட்ஸ் ஓட்டலாம், பிரவுசர மூடிட்டு.

16 ஜிபி: பட்ஜெட் இழுபறியா இருந்தா இதுல நிறுத்திட்டு மிச்சத்த கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. எனக்கு இதுல தயக்கமே இல்ல, 32 ரேமும் ஒரு படி கம்மியான கார்டும் எடுக்கறத விட 16 ரேமும் நல்ல கார்டும் எடுக்கறதுதான் கேம்ல தெரியும். ரேம பின்னாடி மாத்தறது ஸ்க்ரூ டிரைவர் கூட தேவையில்லாத வேலை.

32 ஜிபி: புது மெஷின் கட்டி நாலஞ்சு வருஷம் தொடாம ஓட்டணும்னா இதான். பிரவுசர மூடணுமான்னு யோசிக்கவே வேண்டாம்.

48, 64: 24 ஜிபி ஸ்டிக் ரெண்டு போட்டா 48. ஃப்ளைட் சிமுலேட்டர், நூத்துக்கணக்குல மாட் போட்ட நகரம் கட்டற கேம், கூடவே எடிட்டிங், 3டி வேலை இருக்கறவங்களுக்கு. கேம் மட்டும்தான்னா படி 2ல வந்த நம்பர் இத கேக்கலன்னா வேண்டாம்.

படி 6: எத்தன ஸ்டிக், என்ன ஸ்பீடு

முதல்ல போர்டுல எது ஏறும்னு பாருங்க. ஏஎம்டி சிபியூவுக்கான ஏஎம்4 போர்டுன்னா டிடிஆர்4 (டிடிஆர்5க்கு முந்தின ரகம்), ஏஎம்5ன்னா டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் 12, 13, 14வது ஜென்ல ரெண்டுமே உண்டு, போர்டப் பொறுத்தது. ரெண்டு ரகத்துலயும் 288 பின்தான், ஆனா நடுவுல இருக்கற வெட்டு எடம் மாறியிருக்கும், ஒண்ணுல இன்னொண்ணு உக்காராது, அமுக்கிப் பாக்காதீங்க. லேப்டாப்னா போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, அப்படி இருந்தா பின்னாடி ஏத்த வழி இல்ல.

எப்பவும் ரெண்டு ஸ்டிக், ஒரே பாக்ஸ்ல வர்ற கிட். ஒத்த ஸ்டிக் போட்டா பேண்ட்விட்த் பாதியாகும். இப்ப 16 ஒண்ணு வாங்கிட்டு அப்புறமா இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நெனப்பீங்க, அதே மாடல் நம்பர்லயே வேற சிப்போட வர்றது சகஜம், ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா அது உங்க அதிர்ஷ்டம்.

நாலு ஸ்டிக்? டிடிஆர்4ல பெரும்பாலும் ஓடிடும். டிடிஆர்5ல யோசிங்க. ரைசன் 7000க்கு ஏஎம்டியே சொல்ற கணக்குல ரெண்டு ஸ்டிக்னா ஸ்பீடு 5200, நாலுன்னா 3600. அதனால 2x16 (16 ஜிபி ஸ்டிக் ரெண்டு) வாங்கிட்டு பின்னாடி இன்னொரு 2x16 சொருகி 64 ஆக்கிக்கலாம்னு ப்ளான் போடாதீங்க, 64 வேணும்னா நேரா 2x32. இன்னொரு பக்கம், டிடிஆர்5ல 8 ஜிபி ஸ்டிக்கும் நல்லதில்ல, அதுல வழக்கமா நாலு சிப்தான் இருக்கும், பேங்க் குரூப் (ஒரே நேரத்துல வேலை பாக்கற மெமரி பகுதி) பாதியாகிடும், அதே ஸ்பீடு எழுதியிருந்தாலும் 16 ஜிபி ஸ்டிக்க விட மந்தமா இருக்கும். டிடிஆர்5 மெஷின்ல 2x16 எல்லாரும் சொல்றதுக்கு கொள்ளளவு மட்டும் காரணம் இல்ல.

ஸ்பீடுக்கு ஒரு சின்னக் கணக்கு: சிஎல் நம்பர (ரேமோட தாமத அளவு) 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்தா நானோசெகண்டு வரும். 6000 சிஎல்30ன்னா 10. டிடிஆர்4 3200 சிஎல்16, அதுவும் 10. 4800 சிஎல்40 பாத்தா 16.7, ஏன் வெல கம்மின்னு புரியுதா. ஏஎம்5ல 6000 சிஎல்30 எடுங்க, சிஎல்36 ரொம்ப சல்லிசா கெடச்சா அதுவும் ஓகே. ஏஎம்டியோட எக்ஸ்3டி சிபியூ வெச்சிருக்கறவங்க இதுல மண்டைய ஒடைச்சுக்க வேண்டாம், பெரிய கேஷ் இருக்கறதால ரேம் ஸ்பீடு அவ்ளோவா உறைக்காது.

படி 7: மாட்டினதுக்கு அப்புறம்

நாலு ஸ்லாட் போர்டுல சிபியூல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல போடுங்க. ஒண்ணு, ரெண்டுல பக்கத்துப் பக்கத்துல போட்டா டூயல் சேனல் வராம போகலாம், போர்டு மேனுவல்ல படம் போட்டிருப்பாங்க. டிடிஆர்5 முதல் தடவ ஆன் பண்றப்ப மெமரி ட்ரெய்னிங் நடக்கும், ஸ்கிரீன் கறுப்பாவே சில நிமிஷம் நிக்கும். பதறி பவர ஆஃப் பண்ணிடாதீங்க.

அப்புறம் பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பி இல்ல எக்ஸ்போவ (ரேம பாக்ஸ்ல போட்ட ஸ்பீடுல ஓட வெக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க. இத பண்ணாம விட்டா 6000க்கு காசு கொடுத்துட்டு 4800ல ஓட்டிட்டு இருப்பீங்க. டாஸ்க் மேனேஜர்ல அதே மெமரி பக்கத்துல ஸ்பீடுன்னு போட்டிருக்கும், பாத்து உறுதி பண்ணிக்கோங்க. பயாஸ் அப்டேட் பண்ணா பல போர்டுல இது ஆஃப் ஆகிடும், அப்ப திரும்ப பாருங்க.

பேஜ் ஃபைல ஆஃப் பண்ணாதீங்க, 64 ஜிபி இருந்தாலும் சரி. மேல சொன்ன கமிட்டட் வரம்புல ஒரு பங்கு அங்க இருந்துதான் கெடைக்குது. விண்டோஸ்கிட்டயே விட்டுட்டு, எஸ்எஸ்டில 20, 30 ஜிபி காலியா வெச்சுக்கோங்க. ரேம் கிளீனர், ரேம் பூஸ்டர்னு வர்றதெல்லாம் தேவைக்கு வெச்சிருக்கற டேட்டாவ வெளிய தள்ளிட்டு காலி நம்பர காட்டற வேலை, அப்புறம் கேம் அதயே டிஸ்க்ல இருந்து திரும்ப படிக்கும்.

கடைசியா டெஸ்ட். மெம்டெஸ்ட்86ஐ (ரேம சோதிக்கற சாஃப்ட்வேர்) பென் டிரைவ்ல போட்டு, ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கிடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அத அலட்சியமா விடக்கூடாது, விண்டோஸ் ஃபைலே கெட்டுப்போற அளவுக்குப் போகும். எரர் வந்தா எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஓட்டுங்க. அப்ப சுத்தமா வந்துச்சுன்னா ஸ்பீட ஒரு படி எறக்கி வெச்சு பாக்கலாம், இல்ல பயாஸ் அப்டேட் பண்ணிட்டு பாக்கலாம். ஆஃப்லயும் எரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா ஒரே ஸ்லாட்ல போட்டு ஓட்டுங்க, எது கெட்டதுன்னு தெரிஞ்சுடும். வாரண்டிக்கு அனுப்பறப்ப அந்த ஒத்த ஸ்டிக்க மட்டும் அனுப்பாதீங்க, ரெண்டையும் கிட்டாவே அனுப்பி கிட்டாவே மாத்தி வாங்குங்க.